பன்றியின் தமனி சொன்னதும் நாம் கேட்டதும்

நம் குழுவின் சந்திப்புகளில் பேச்சு இலக்கியத்துக்கு வெளியே போவது புதிதல்ல. அண்மையில் அது போய்ச் சேர்ந்த இடம் இதயத் தமனி. நம்மிடையே மூத்தவரான நண்பர் ஒருவர் 2005இல் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். அவ்வகை ஸ்டென்டுகளுக்குள் நெடுநாள் கழித்தும் இரத்தம் உறையக்கூடும் என்ற செய்தி 2006 இறுதியில் பத்திரிகைகளில் வந்தபோது, பல இரவுகள் மார்பில் கைவைத்தபடியே விழித்துக் கிடந்ததாகச் சொன்னார். "பன்றிக்கு வைத்துப் பார்த்த பிறகுதானே மனிதருக்கு வைக்கிறார்கள்? அந்தப் பன்றிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லையா?" என்பது அவருடைய கேள்வி. இளைய நண்பர் ஒருவர், பன்றியும் எலியும் மனிதர் அல்ல, அவற்றைக் கொன்று பெறும் அறிவால் நமக்குப் பயனில்லை, இந்த வதையை அடியோடு நிறுத்த வேண்டும் என்றார். மற்றொருவரோ, அந்த வதை நடந்திராவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்க அண்ணன் இன்று நம்மோடு உட்கார்ந்திருக்கமாட்டார் என்றார். விவாதம் அன்று முடியவில்லை.

நாம் மருத்துவர்கள் அல்லர். எனினும் அதற்குப் பின் சில வாரங்கள், இந்த ஆய்வுகளைப் பற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. அன்று பேசிய யாவரும் விலங்கைப் பற்றி வாதிட்டோமே ஒழிய, விலங்கிடம் கேட்கப்பட்ட கேள்வியைப் பற்றிப் பேசவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் கிடத்தப்படும் விலங்கு மனிதனுக்காக நிற்கும் ஓர் உவமை. உவமையைப் பிழையாக வாசித்தால் பொருள் எங்கே போய் முடியும் என்பது இலக்கிய வாசகர்களுக்குத் தெரியாததன்று. தமனி மறுஅடைப்பைத் தடுக்க நடந்த விலங்காய்வுகளின் வரலாறு, நம் பார்வையில், அப்படிப்பட்ட வாசிப்பின் வரலாறு.

நோயிலிருந்து தொடங்குவோம். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து பாதை குறுகுகிறது. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்ஸிக் என்ற மருத்துவர், 38 வயதான ஒருவரின் இதயத் தமனிக்குள் மெல்லிய குழாய் வழியே சிறு பலூன் ஒன்றைச் செலுத்தி, அதை விரித்து, அடைப்பை நெகிழ்த்தினார். மார்பைத் திறக்காமல் இதயத் தமனியின் அடைப்பை நீக்கிய முதல் சிகிச்சை அது. ஓராண்டுக்கு முன், 1976இல், அமெரிக்க இதயச் சங்கத்தின் கூட்டத்தில் அவர் முன்வைத்தவை நாய்களின் தமனிகளில் செய்த சோதனைகள். ஆக, இச்சிகிச்சையை முதலில் ஏற்ற உயிர் நாய். ஆனால் மனிதனுக்கு வருவது போன்ற தமனி நோய் நாய்க்கு இயல்பாக வருவதில்லை; அடைப்பைச் செயற்கையாகவே உண்டாக்க வேண்டியிருந்தது. பலூன் உள்ளே சென்று விரிந்து சுருங்கித் திரும்பிவரும் என்பதற்கு நாய் சாட்சி சொன்னது. அதற்குமேல் சொல்ல அதனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சிகிச்சை பரவியபோதுதான் அதன் குறை தெரிந்தது. பலூனால் திறக்கப்பட்ட தமனி, ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு, ஆறு மாதத்துக்குள் மீண்டும் குறுகியது. இதைத்தான் மறுஅடைப்பு என்கிறோம். பலூன் அடைப்பை வெறுமனே ஒதுக்கித் தள்ளுவதில்லை. அது சுவரின் உட்படலத்தை உரித்து, உள்ளடுக்குகளைக் கிழிக்கிறது. கிழிந்த சுவர் தன்னை ஆற்றிக்கொள்ள முனைகிறது. நடு அடுக்கில் உள்ள மென்தசைச் செல்கள் பல்கிப் பெருகி, உட்புறம் நகர்ந்து, புதிய படலம் ஒன்றை நெய்கின்றன. முழங்காலில் பட்ட காயம் ஆறிய இடத்தில் வடு மேடிட்டு நிற்பதைப் போன்றதே இது. முழங்காலில் வடு வளர்வதால் கேடில்லை. மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாயின் உட்புறத்தில் வளரும்போது அதுவே அடைப்பாகிவிடுகிறது.

இந்த வடுவைத் தடுக்கும் மருந்தைத் தேடியவர்களுக்கு வாய்த்தது எலி. எலியின் கழுத்துத் தமனிக்குள் சிறு பலூனைச் செலுத்தி இழுத்தால் உட்படலம் உரிந்துவிடும். இரண்டே வாரத்தில் மென்தசைச் செல்களாலான புதுப்படலம் தடித்து வளர்ந்து நிற்கும். செலவு குறைவு, முடிவு விரைவு, ஒவ்வோர் எலியிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான வளர்ச்சி. எந்த மருந்தையும் கொடுத்துப் பார்க்கலாம், வெட்டி அளந்தும் பார்க்கலாம். 1989இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் ஸிலாஸாப்ரில் என்ற மருந்து எலியின் புதுப்படலத்தை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைத்ததாக அறிவித்தது. மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஐரோப்பாவில் மெர்க்காட்டர், அமெரிக்காவில் மார்க்காட்டர் என்ற பெயர்களில் மனிதச் சோதனைகள் நடந்தன. முதலாவதன் முடிவு 1992இலும் இரண்டாவதன் முடிவு 1995இலும் வெளிவந்தன. இரண்டிலும் மருந்து உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் இடையே மறுஅடைப்பில் வேறுபாடில்லை.

இங்கே எலி பொய் சொல்லிற்றா? அதன் பேச்சு எப்படிக் கேட்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். எலிகளுக்குக் காயம் உண்டாக்குவதற்கு ஆறு நாள் முன்பே மருந்து தொடங்கப்பட்டது. மனிதருக்குச் சிகிச்சை முடிந்த பிறகே கொடுக்கப்பட்டது. எலிக்குத் தரப்பட்ட அளவு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 10 மி.கி.; ஐரோப்பியச் சோதனையில் முழு மனிதனுக்கே நாளொன்றுக்கு 10 மி.கி.தான். உயிரினத்துக்கு உயிரினம் மருந்தளவை எடையால் மட்டும் பெருக்கிப் பார்க்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு எலியின் கணக்கில் 600 மி.கி. வருகிறது. இவ்வளவு தொலைவுக்கு எந்தத் திருத்தமும் ஈடு செய்யாது. அதைவிட ஆழமான பிளவு, அளந்த பொருளிலேயே இருந்தது. எலியில் அளந்தது படலத்தின் தடிமன். மனிதரில் அளந்தது பாதையின் அகலம். இரண்டும் ஒன்றே என்று எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தொல்காப்பியர் உவமவியலில் உவமை தோன்றும் இடங்கள் நான்கு என்கிறார்: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒப்பது, விளைவால் ஒப்பது, வடிவால் ஒப்பது, நிறத்தால் ஒப்பது. புலி போன்ற மறவன் என்றால் பாய்ச்சல் ஒன்றே பொது. அவன் மேனியில் வரிகளை யாரும் தேடுவதில்லை. எந்த இடத்தில் ஒப்புமை நிற்கிறதென்று அறிந்து அங்கே நின்றுகொள்வதே உவமையை வாசிக்கும் முறை. எலியின் தமனி மனிதத் தமனிக்கு வினையுவமம். காயம் பட்டால் மென்தசைச் செல் பல்கும், நகரும் என்ற செயல் இரண்டுக்கும் பொது. அந்தச் செயலை எலி உண்மையாகவே காட்டியது. மனிதருக்கு வேண்டியிருந்ததோ பயன். படலத்தை அடக்கினால் பாதை திறந்திருக்குமா என்பது வேறு கேள்வி. எலியிடம் வினையைக் கேட்டுவிட்டுப் பயனைத் தெரிந்துகொண்டதாக நினைத்தார்கள். உவமை அங்கேயே உருவகமாகிவிட்டது: எலி போன்ற மனிதன் என்பது போய், எலியே மனிதன் என்றாயிற்று.

ஒரு மருந்தோடு இது நின்றிருந்தால் விபத்து என்று விட்டுவிடலாம். ஹெப்பாரின், மீன் எண்ணெய், ஆஞ்சியோபெப்டின் என்று வரிசை நீண்டது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விலங்கில் நம்பிக்கை தந்து மனிதரிடம் பொய்த்தது. 2002இல் முடிவு வெளியான பிரெஸ்டோ சோதனையில் 11,484 நோயாளிகள் பங்கேற்றார்கள். டிரானிலாஸ்ட் என்ற அந்த மருந்து பன்றித் தமனியிலும் பயன் தந்ததாகக் கூறப்பட்டிருந்தது. மனிதரில் மறுஅடைப்பை அது குறைக்கவில்லை.

பன்றி எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எலி மனிதனுக்கு மிகத் தொலைவில் நிற்கிறது என்று உணர்ந்தவர்கள் மெய்யால் ஒக்கும் உயிரைத் தேடினார்கள். பன்றியின் இதயம் அளவிலும் தமனிகளின் கிளைப்பிலும் மனித இதயத்தை ஒத்தது. மனிதருக்கான கருவிகளையே அதன் தமனிக்குள் செலுத்தலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ராபர்ட் ஷ்வார்ட்ஸும் அவருடைய குழுவினரும் 1990இல் பன்றியின் இதயத் தமனியில் மறுஅடைப்பை உண்டாக்கும் முறையை வெளியிட்டார்கள். தமனியின் அளவைவிடப் பெரிதாக விரித்த உலோகச் சுருளால் சுவரைக் காயப்படுத்துவது அந்த முறை. 1992இல் அவர்கள் கண்டு சொன்னது, இத்துறையில் விலங்கு தந்த மிகச் சிறந்த வாக்குமூலம் என்று நமக்குத் தோன்றுகிறது: காயம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தடிமனாகப் புதுப்படலம் வளர்கிறது. வடுவின் அளவு காயத்தின் அளவைப் பொறுத்தது. கருவியைச் செலுத்தும் கைக்கு அடக்கம் வேண்டும் என்பதைப் பன்றி இப்படிச் சொல்லியிருக்கிறது.

அடுத்த திருப்பம் நெதர்லாந்தில் நிகழ்ந்தது. உட்ரெக்ட் நகரில் மார்க் போஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும், சாதாரண முயல்களையும், கொழுப்பூட்டப்பட்ட யூக்கட்டான் குறும்பன்றிகளையும் கொண்டு செய்த ஆய்வை 1994இல் வெளியிட்டார்கள். பலூன் சிகிச்சைக்குப் பின் பாதை குறுகுவதில் புதுப்படலத்தைவிடப் பெரிய பங்கு சுவருக்கே உண்டு என்று அது காட்டியது. படலம் வளர்வதால் மட்டும் பாதை அடைவதில்லை. காயம்பட்ட குழாய் முழுவதுமே ஆறும்போது இறுகிச் சுருங்குகிறது. 1996இல் கேரி மின்ட்ஸ் என்பவரின் குழு, நுண்ணொலிக் கருவியைத் தமனிக்குள் செலுத்திப் பார்த்து, மனிதரிலும் இதுவே பெரும்பங்கு என்று உறுதிசெய்தது. பத்தாண்டுக்கு மேலாக எலிகளில் தேடிய குற்றவாளி உடந்தையாளன் மட்டுமே. முதல் குற்றவாளி வேறு. மருந்துகள் ஏன் தோற்றன என்பதற்கு ஒரு பெரிய விடை இங்கே கிடைத்தது. கேள்வியைத் திருத்திக் கேட்டவர்களுக்கு விலங்கு திருத்தமான பதிலையே சொன்னது.

சுவர் சுருங்குவதைத் தடுக்க உள்ளிருந்து முட்டுக்கொடுப்பதே வழி. 1986இலேயே பிரான்ஸிலும் ஸ்விட்சர்லாந்திலும் மனித இதயத் தமனிகளில் உலோக ஸ்டென்ட் வைக்கப்பட்டுவிட்டது. 1994இல் வெளியான பெனஸ்டென்ட் சோதனையில் பலூன் மட்டும் பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கும், ஸ்டென்ட் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் மறுஅடைப்பு வந்தது. ஸ்டென்ட் சுவரைச் சுருங்கவிடவில்லை. ஆனால் நிரந்தரமாகக் குத்திக்கொண்டிருக்கும் உலோகத்தின் மேல் புதுப்படலம் முன்னிலும் மிகுதியாக வளர்ந்தது. உடந்தையாக இருந்தவன் இப்போது தனிக் குற்றவாளியானான். எலி காட்டிய வினை இப்போதுதான் உரிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. சுருக்கம் நீங்கியபின் எஞ்சியது படலம் ஒன்றே. அதை அடக்கினால் பாதை திறந்திருக்கும். உவமை பத்தாண்டு தாமதமாகப் பலித்தது.

படலத்தை அடக்கிய மருந்தின் கதை தனியே எழுதத் தக்கது. 1964இல் ஈஸ்டர் தீவுக்குச் சென்ற கனடியக் குழு கொண்டுவந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, மாண்ட்ரியலில் இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுரேந்திரநாத் சேகலும் அவருடைய சகாக்களும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தீவின் பூர்வகுடிப் பெயரான ராப்பா நுய் என்பதைக் கொண்டு அதற்கு ராப்பமைசின் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் ஸிரோலிமஸ் என்றானதும் அதுவே. செல் பல்குவதை நிறுத்திவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. 1999இல் வெளியான ஆய்வு, அதைப் பெற்ற பன்றிகளின் இதயத் தமனிகளில் படலம் குறைந்ததைக் காட்டியது. 2001இல் வெளியான மற்றோர் ஆய்வில், மருந்தைப் பாலிமரில் கலந்து ஸ்டென்டின்மேல் பூசிப் பன்றிகளுக்கு வைத்தபோது, 28 நாளில் படலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மனிதருக்கோ 1999 டிசம்பரிலேயே சாவோ பாவ்லோவில் எட்வர்டோ சோசா இந்த ஸ்டென்டை வைத்துவிட்டிருந்தார். 2002இல் வெளியான ராவெல் சோதனையில் 238 நோயாளிகள். வெறும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கு மறுஅடைப்பு. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. பன்றியில் பாதி, மனிதரில் முழுமை. பிழைபட்ட உவமை இம்முறை நமக்குச் சாதகமாகப் பிழைபட்டது. அதனாலேயே யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

நண்பரின் கேள்விக்கு வருவோம். பன்றிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையா?

பன்றியில் ஸ்டென்டைச் சோதிப்பவர்கள் வழக்கமாகத் தமனியை வெட்டிப் பார்ப்பது 28ஆம் நாள். பன்றியில் 28 நாளில் ஆறுவது மனிதரில் ஆறு மாதத்தில் ஆறுவதற்கு ஒப்பு என்பது கணக்கு. பண்ணைப் பன்றிகள் விரைவில் பருத்துவிடுவதால் நீண்ட நாள் வைத்துப் பார்ப்பதில் சிக்கலும் உண்டு. காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் தொல்காப்பியரின் நான்கோடு இங்கே காலத்தையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த 28 நாள் பன்றிகள் இளமையானவை, நோயற்றவை. அவற்றின் தமனியில் ஐம்பது ஆண்டு உணவும் புகையும் சர்க்கரையும் படிந்திருக்கவில்லை. கொழுப்புப் படிவின்மேல் வைக்கப்பட்ட மருந்து ஸ்டென்ட், தூய சுவரின்மேல் வைக்கப்பட்டதைப் போல் ஆறிவிடாது.

நீண்ட நாள் காத்திருந்து கேட்டவர்களும் இல்லாமலில்லை. 1996இல் ரோட்டர்டாமின் வான் டெர் கீஸன் உள்ளிட்ட பல மையங்களின் ஆய்வாளர்கள், உடலில் கரையும் பாலிமர்களையும் கரையாப் பாலிமர்களையும் பன்றியின் இதயத் தமனியில் வைத்துப் பார்த்து, கடும் அழற்சி உண்டாவதை எழுதினார்கள். மருந்தைத் தாங்கி நிற்க ஸ்டென்டுக்கு வேண்டியிருந்ததும் ஏதோ ஒரு பாலிமர்தான். 2001இல் பாக்ளிடாக்ஸெல் என்ற மருந்து பூசிய ஸ்டென்டை முயல்களில் வைத்துச் சோதித்த குழுவில் ரேணு விர்மானி என்ற நோய்க்குறியியலாளர் இருந்தார். 28 நாளில் படலம் குறைந்திருந்தது. காயமோ சரியாக ஆறவில்லை. 90 நாளில் படலத்தைக் குறைத்த பயனும் நீங்கிவிட்டது என்று அந்தக் குழு எழுதியது. அந்தப் பாலிமர் பின்னர் சந்தைக்கு வந்ததன்று என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. 2002இல் ஷ்வார்ட்ஸ் உள்ளிட்ட வல்லுநர் குழு, மாதக்கணக்கில் நீளும் விலங்குக் கவனிப்பும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2003 ஏப்ரலில் ஸிரோலிமஸ் ஸ்டென்டும், 2004 மார்ச்சில் பாக்ளிடாக்ஸெல் ஸ்டென்டும் அனுமதி பெற்று இலட்சக்கணக்கானோரின் தமனிகளில் ஏறின. ஸ்டென்ட் வைத்து 18 மாதம் கழித்து இரத்தம் உறைந்து இறந்த ஒருவரின் தமனியை ஆராய்ந்த விர்மானி, 2004இல் எழுதியது பாலிமரை உடல் ஒவ்வாமல் எதிர்த்ததைப் பற்றி. 2006 செப்டம்பரில் பார்ஸிலோனாவில் நடந்த இதயநோய் மாநாட்டில் அச்சம் வெளிப்படையாக வெடித்தது. நம் நண்பர் மார்பில் கைவைத்துப் படுத்தது அதற்குப் பிறகு.

எனவே அவருக்கு நம் பதில் இது: பன்றிக்கு ஆனது. முயலுக்கும் ஆனது. அவை சொல்லவும் செய்தன. முழுமையாகச் சொல்லி முடிக்கும்வரை நாம் உட்கார்ந்திருக்கவில்லை.

இதில் எளிதாகத் தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. 2004இல் வெளியான ஆய்வொன்றில், ஸிரோலிமஸ் ஸ்டென்ட் வைத்த பன்றிகளில் 30 நாளில் தெரிந்த பயன் 90, 180 நாள்களில் காணாமற்போயிற்று. அதை நம்பியிருந்தால் மனிதரிலும் பயன் நிலைக்காது என்று முடிவுகட்டியிருக்க வேண்டும். மனிதரில் அது பெரும்பாலும் நிலைத்தது. படலம் பற்றிப் பன்றி சொன்னது மனிதருக்குப் பொருந்தவில்லை. ஆறாத காயத்தையும் அழற்சியையும் பற்றிச் சொன்னது பொருந்தியது. காலங்கடந்து இரத்தம் உறைவது, ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்ந்தது. மீண்டும் மீண்டும் பலூன் சிகிச்சைக்குப் படுக்கும் துன்பமோ பெருமளவு குறைந்தது. பிந்தைய ஸ்டென்டுகள் மெல்லிய கம்பியும், உடலோடு ஒத்துப்போகும் பாலிமரும் கொண்டவை; அந்த ஆபத்தை அவை வெகுவாகக் குறைத்தன. முதல் ஸிரோலிமஸ் ஸ்டென்டின் உற்பத்தியை நிறுத்துவதாக 2011இல் அறிவிப்பு வந்தது.

இளைய நண்பருக்கும் பதில் சொல்ல வேண்டும். அவருடைய அறச்சீற்றம் நமக்கு அந்நியமானதன்று. கொல்லாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த நூலைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் விலங்காய்வு எதையுமே கற்பிக்கவில்லை என்ற வாதம் உண்மைக்கு நிற்காது. காயத்தின் ஆழமே வடுவின் அளவு என்று கற்பித்தது பன்றி; சுவர் சுருங்குகிறது என்று முன்னதாகச் சொன்னவை முயலும் குறும்பன்றியும்; பாலிமரின் கேட்டை முதலில் காட்டியவையும் அவையே. வதையை எதிர்க்க வலுவான காரணம் தேவையென்றால், விலங்குகளால் பயனில்லை என்பதைவிட, விலங்குகள் தந்ததை வீணடித்தோம் என்பதே வலுவானது. உவமை எங்கே நிற்கிறதென்று கேளாமல், வசதியாக இருக்கிறது என்பதற்காகவே, ஒரே எலிச் சோதனையை மருந்து மாற்றி மருந்து மாற்றி நடத்தியதில் மடிந்த உயிர்களுக்கு எந்த நியாயமும் கிடையாது.

மூன்றாமவருக்கும் ஒரு சொல் உண்டு. நண்பர் உயிரோடு இருப்பதால் எல்லாக் கொலையும் நியாயமாகிவிடுகிறது என்று சொன்னால், கடன் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டபின் கணக்குப் பார்க்க மறுப்பதாகும்.

கணக்கு எப்படிப் பார்ப்பது? 1959இலேயே ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர் மூன்று நெறிகளை எழுதிவைத்தார்கள்: விலங்குக்கு மாற்றுத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். மாற்றுக்கான கதவும் திறந்துவருகிறது. புதிய மருந்துகளை அனுமதிக்க விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்திலிருந்து நீக்கியது. எனினும் துடிக்கும் தமனிக்குள் உலோகத்தை வைத்தால் நேர்வதை முழுமையாகச் சொல்லும் மாற்று இன்னும் வாய்க்கவில்லை. அதுவரை நாம் கேட்பவை சில. ஓர் ஆய்வு தொடங்குமுன், விலங்கு மனிதனுக்கு எந்த இடத்தில் ஒப்பு, எந்த இடத்தில் ஒப்பில்லை என்பதை எழுதிப் பதிவுசெய்ய வேண்டும். 2018இல் நெதர்லாந்தில் விலங்காய்வுகளுக்கென ஒரு முன்பதிவேடு தொடங்கப்பட்டது. அது விருப்பமாக இராமல் வழக்கமாக வேண்டும். எந்த விலங்குக்கு மருந்து, எந்த விலங்குக்கு வெற்று என்பதைச் சீட்டுப் போட்டு முடிவுசெய்ய வேண்டும். அளப்பவருக்கு அது தெரியக் கூடாது. வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு விலங்குகளைக் கொல்வதைவிட, ஒரே விலங்கின் தமனியை ஒளிக்கதிராலும் நுண்ணொலியாலும் படம்பிடித்துத் தொடர்ந்து பார்க்க முடியுமானால் அதுவே முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்ற ஆய்வு அச்சேற வேண்டும். வெற்றி மட்டும் வெளிவரும் துறையில், ஒருவர் கொன்று அறிந்த தோல்வியை இன்னொருவர் மீண்டும் கொன்று அறிய வேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றில் ஒரு மனிதரின் பாதை நம்மை நெடுநேரம் யோசிக்க வைத்தது. குறும்பன்றிகளின் தமனிகளை ஆராய்ந்த அதே மார்க் போஸ்ட், 2013 ஆகஸ்ட் மாதம் லண்டனில், மாட்டின் தசைச் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துச் செய்த முதல் இறைச்சி அடையை உலகுக்குக் காட்டினார். இறைச்சிக்காக மாட்டைக் கொல்லும் தேவையைக் குறைக்கும் முயற்சி அது. விலங்கின் உடலுக்குள் செல்கள் எப்படி வளர்கின்றன என்று ஊன்றிப் பார்த்த கல்வியே அவரை விலங்கின் உடலுக்கு வெளியே அவற்றை வளர்க்கும் இடத்துக்குக் கொண்டு சேர்த்திருக்கலாம் என்று நினைக்க நமக்குப் பிடித்திருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தொறுப்பூசலில் இறந்த வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்வெட்டுச் சொல்கிறது. ஆய்வுக்கூடத்துப் பன்றிக்குப் பெயரில்லை, காதில் எண் மட்டுமே. அதற்குக் கல் நட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது சொன்னதை, நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், குறைக்காமல் கூட்டாமல் எழுதிவைக்க வேண்டும் என்கிறோம். நண்பர் இன்றும் தம் மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த சந்திப்பில் இதையெல்லாம் அவருக்குச் சொல்வோம். விவாதம் அன்றும் முடியாது.